மரவை செதுக்கியவரின் 300 ஏக்கர்

1678-ல் வட அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேய மாசசூசெட்ஸ் காலனியின் சேலம் கிராமத்து நிலம் ஒன்றுக்குக் கிரய ஒப்பந்தம் எழுதப்பட்டது. விற்றவர் பாஸ்டன் நகரத்துப் பாதிரியார் ஜேம்ஸ் ஆலன். வாங்கியவர் பிரான்சிஸ் நர்ஸ், மரத்தைக் குடைந்து தட்டும் தொட்டியும் செய்கிறவர். வயது 60-ஐ ஒட்டியிருந்தது. நிலம் 300 ஏக்கர், விலை 400 பவுண்டு. அன்றைய நியூ இங்கிலாந்தில் (மாசசூசெட்ஸ் அடங்கிய ஆங்கிலக் காலனிப் பகுதி) கூலியாளின் நாள் சம்பளம் 2 ஷில்லிங் அளவில் இருந்தது, 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு பைசாவும் செலவழிக்காமல் 4,000 நாள் உழைத்தால் சேரும் தொகை அது. வயதான ஒரு கைத்தொழிலாளி இந்த விலைக்கு எப்படித் துணிந்தார் என்று கேட்டால், ஒரு பியூரிட்டன் (கடும் ஒழுக்கத்தை வலியுறுத்திய ஆங்கிலப் புராட்டஸ்டன்ட் பிரிவு) குடும்பம் எப்படி இயங்கியது என்பது முழுக்க வெளியே வந்துவிடும்.

இந்தக் குடும்பத்தை இன்று உலகம் அறிந்திருப்பது பிரான்சிஸின் மனைவி ரெபெக்காவால். 1692-ல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் அவர் ஒருவர். அதனாலேயே எல்லோரும் தூக்குமரத்தில் நின்றுகொண்டு பின்னோக்கித்தான் இவர்களைப் பார்க்கிறார்கள். நிலப் பத்திரத்திலிருந்து பார்க்கத் தொடங்கினால் 1692-ல் அவர்கள் நடந்துகொண்ட விதமும், அதற்குப் பிறகு 20 ஆண்டுகள் விடாமல் போராடியதும் நன்றாகப் புரியும். (பெயர் ஒன்றாக இருந்தாலும் நம் சேலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது அமைதி என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர்.)

ரெபெக்கா இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள கிரேட் யார்மவுத்தில் பிறந்தவர். 1621 பிப்ரவரி 21-ல் ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவு இருக்கிறது. தந்தை வில்லியம் டவுன், தாய் ஜோஆனா. மேரி, சாரா என்று இரண்டு தங்கைகள். பெற்றோர் பிள்ளைகளோடு கடல் கடந்து சேலத்துக்கு வந்து, பிறகு பக்கத்து ஊரான டாப்ஸ்ஃபீல்டில் குடியேறினார்கள். பிரான்சிஸுக்கும் ரெபெக்காவுக்கும் 1644 ஆகஸ்ட் 24-ல் சேலத்தில் திருமணம். நான்கு மகன்கள், நான்கு மகள்கள். எட்டுப் பேரும் வளர்ந்து ஆளாகித் திருமணமும் செய்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் இது சிறிய பேறு அல்ல. பின்னால் அந்த 300 ஏக்கரை வாங்க வைத்த உண்மையான மூலதனமும் இதுதான்.

முதல் 30 ஆண்டுகளுக்கு மேல் பிரான்சிஸ் சேலம் நகரத்தின் வடக்கு ஆற்றோரம் சிறிய அளவில் நிலம் வைத்துக்கொண்டு தொழிலை நடத்தினார். ஆங்கில ஆவணங்கள் அவரைத் தட்டு செய்கிறவர் என்று குறிப்பிடுகின்றன. நம் மொழியில் மரவை என்ற பழைய சொல் இதற்குப் பொருத்தம்: மரத்தைக் குடைந்து செய்த தட்டு, கிண்ணம், தொட்டி எல்லாம் அதில் அடங்கும். 17-ம் நூற்றாண்டின் சாதாரணக் குடியானவர் வீட்டில் பீங்கான் அபூர்வம். வெள்ளீயத் தட்டு இருந்தால் அதை உயிலில் தனியாக எழுதும் அளவுக்கு மதிப்பு. மாவு பிசைவதும் பால் ஊற்றி ஆடை கட்டவைப்பதும் இறைச்சிக்கு உப்புப் பிடிப்பதும் சாப்பிடுவதும் மரப் பாத்திரத்தில்தான். ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிடுவதும் வழக்கம். மரம் தேயும், வெடிக்கும், நாற்றம் பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஆகவே மரவை செய்கிறவருக்கு வேலை ஓயாது. பெரும் பணக்காரராகவும் ஆக முடியாது.

தொழிலின் நுட்பம் மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. மேப்பிள், பர்ச், பாப்லர் போன்ற நெருக்கமான நார் உள்ள மரங்கள் ஏற்றவை. பைன் கையில் கிடைக்கும், எளிதில் குடையும், ஆனால் அதன் பிசின் வாடை பாலில் ஏறிவிடும். ஓக் உறுதியானதுதான். அதன் துவர்ப்புச் சாறு உணவைக் கறுக்கவைக்கும், பெரிய துளைகளில் பால் தங்கிப் புளிக்கும். மரத்தில் கட்டிபோல் புடைத்து வளர்ந்த முண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பாத்திரம் எளிதில் பிளக்காது.

வேலை பச்சை மரத்தில்தான் நடக்கும். காய்ந்த மேப்பிள், செதுக்கும் கருவியான வாய்ச்சியின் முனையை மழுக்கிவிடும். குளிர்காலத்தில் வெட்டிய மரத்தைப் பனியின்மேல் எருதுகளைக் கொண்டு சறுக்குவண்டியில் இழுத்து வருவார்கள். வேண்டிய நீளத்துக்கு மேல் ஒரு சாண் விட்டுத் துண்டு போட வேண்டும், ஏனென்றால் முனைகள்தான் முதலில் வெடிக்கும். ஆப்பு இறக்கி நடுவே இரண்டாகப் பிளந்து, மரத்தின் நட்டநடுவில் இருக்கும் சோற்றுப் பகுதியை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். காரணம் எளிது: மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மேப்பிளில் முன்னது 8 முதல் 10 சதவீதம் வரை போகும், பின்னது 4 அல்லது 5. முழு உருளையாக இருந்தால் இந்த இழுபறியில் ஏதாவது ஓரிடம் கிழிந்தே தீரும். பாதியாகப் பிளந்து நடுவை எடுத்துவிட்டால் மரம் கோணிக்கொண்டு தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் பழைய மரவைகளில் வட்டமாகச் செய்தவையும் காலப்போக்கில் நீள்வட்டமாக மாறியிருக்கும்.

குடைவது வளைந்த வாய்ச்சியால். இரண்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி இறங்கும் திசையில் வெட்ட வேண்டும். எதிர்த்திசையில் மேல்நோக்கி வெட்டினால் நார் பிய்ந்து குழி விழும், அந்தக் குழியைச் சரிசெய்ய அடிப்பாகம் முழுவதையும் இன்னும் கீழே இறக்க வேண்டியிருக்கும். பிறகு வளைந்த உளி. வெளிப்பக்கத்தைக் கோடரியும் இரு கையாலும் இழுத்துச் சீவும் கத்தியும் பார்த்துக்கொள்ளும். முதல் சுற்றில் கனமாகவே விட்டு, மரத்தூளிலோ செதுக்கிய சீவலிலோ புதைத்து, வெயிலும் காற்றும் படாத மூலையில் சில மாதம் வைப்பார்கள். அவசரப்பட்டு அடுப்பங்கரையில் வைத்தால் பாத்திரம் போச்சு. அடி தடிப்பாகவும் சுவர் மெல்லியதாகவும் இருந்தாலும் போச்சு: சுவர் முதலில் காய்ந்து சுருங்கும், அடி இடம் கொடுக்காது, நடுவில் பிளக்கும். முனைச் சுவர்களில் நார் குறுக்கே அறுபட்டு நிற்பதால் அவைதான் பலவீனம். கைப்பிடிக்கென்று அங்கே கூடுதல் மரத்தை விடுவது அழகுக்காக மட்டும் அல்ல. காய்ந்த பிறகு விரல் தடிமனுக்குக் குறைத்து, சுரண்டி வழவழப்பாக்கி, எண்ணெய் ஏற்றினால் பாத்திரம் ரெடி.

இந்தத் தொழிலும் உழவும் ஒரே ஆளிடம் ஏன் சேர்ந்தன என்பது நாட்காட்டியைப் பார்த்தால் தெரியும். மரம் வெட்டுவதும் குடைவதும் டிசம்பர் முதல் மார்ச் வரை, அதாவது நிலம் உறைந்து கிடக்கும் காலம். ஏப்ரலில் உழவு. ஓக் இலை சுண்டெலியின் காதளவு விரிந்தால் மக்காச்சோளம் விதைக்கலாம் என்பது அவர்கள் கைக்கொண்ட கணக்கு. பூர்வகுடிகளிடம் கற்ற முறைப்படி, நாலைந்து அடிக்கு ஒரு மண்மேடு கூட்டி, மேட்டுக்கு நாலைந்து விதை போட்டு, இடையில் பீன்ஸும் பூசணியும் ஏற்றுவார்கள். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கோதுமை 1660-களில் துரு நோயில் மாட்டிக்கொண்டது. தண்டில் செம்புள்ளி விழுந்து மணி பதராகிவிடும். அதனால் கோதுமை ரொட்டி விருந்து உணவாகிப்போனது. அன்றாட ரொட்டி மக்காச்சோள மாவும் ரை மாவும் கலந்தது. ஜூலை, ஆகஸ்டில் தீவனப்புல் அறுவடை. கடலோர உப்புச் சதுப்பில் தானாக வளரும் புல்லை வெட்டிச் சேர்த்தது இந்தப் பகுதிக் கால்நடைகளைப் பெரிய அளவில் காப்பாற்றியது. இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பிழிந்து சைடர். குளிர் இறங்கியதும் பன்றி அடித்து உப்பில் போடுவது. அதற்கும் தொட்டி வேண்டும்.

விறகைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. ஒரு நியூ இங்கிலாந்து வீடு ஆண்டுக்கு 30 முதல் 40 கார்டு விறகு எரித்தது. ஒரு கார்டு என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்தில் அடுக்கிய விறகு. ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட காடு ஆண்டுதோறும் ஒரே அடுப்பில் போகும். எட்டுப் பிள்ளைகளும் தனித்தனி அடுப்பு மூட்டப்போகிறார்கள் என்றால் ஒரு குடியானவர் 300 ஏக்கருக்கு ஆசைப்படுவது பேராசை அல்ல.

பெண்களின் உழைப்பு ஆவணங்களில் பெரும்பாலும் எழுதப்படாமல் போனது. பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி, காய்கறித் தோட்டம், ஆளிநார், கம்பளி நூல், சோப்பு, மெழுகுவத்தி எல்லாம் இல்லத்தலைவியின் பொறுப்பு. மரவையில் பால் ஊற்றிவைத்து ஆடை எடுப்பதற்கு வாய் அகன்ற ஆழமற்ற பாத்திரம்தான் தேவை. கணவர் செதுக்கும் பாத்திரத்தின் வடிவத்தை முடிவுசெய்தது மனைவியரின் பால் வேலை என்றே சொல்லலாம். நாணயம் அபூர்வமாகப் புழங்கிய காலனியில் வெண்ணெயும் தானியமும் பன்றி இறைச்சியும் விலை நிர்ணயிக்கப்பட்ட பணமாகவே கைமாறின.

இப்போது 1678-ன் ஒப்பந்தத்துக்கு வருவோம். இந்த நிலத்தின் மூலப்பத்திரம் 1636-ல் டவுன்சென்ட் பிஷப் என்பவருக்குக் கிடைத்த மானியம். அது கைமாறி 1648-ல் ஆளுநர் ஜான் எண்டிகாட்டிடம் 160 பவுண்டுக்கு வந்தது. அவர் அதைத் தம் மூத்த மகனின் திருமணத்துக்குக் கொடுத்தார். மகன் இறந்ததும் விதவை ஜேம்ஸ் ஆலனை மறுமணம் செய்துகொண்டார். அவரும் இறந்தபோது நிலம் ஆலனிடம் நின்றது. பாஸ்டனில் தேவாலயம் நடத்துகிற ஆலனுக்கு உழவுக்கு ஆள் இல்லை. நர்ஸிடம் ஆள் இருந்தது, ரொக்கம் இல்லை.

ஆகவே கிரயமும் குத்தகையும் கலந்த ஓர் ஏற்பாடு. 400 பவுண்டு அசலைக் கட்ட 21 ஆண்டு அவகாசம். அதுவரை முதல் 12 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 7 பவுண்டு, அடுத்த 9 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை. கூட்டிப் பார்த்தால் 84-ம் 90-ம், மொத்தம் 174 பவுண்டு. தவணை முடிவில் அசலைக் கட்ட முடியாமல் போனால் நிலம் திரும்பிவிடும். ஆனால் நர்ஸ் செய்த மேம்பாடுகளை, அதாவது வெட்டித் திருத்திய காடு, புல்வெளி, களஞ்சியம், வீடு எல்லாவற்றையும், மதிப்பிட்டு 150 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையை ஆலன் அவருக்குத் தர வேண்டும். கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் வியர்வை சிந்தி நிலத்தைத் திருத்தியவர் வெறுங்கையோடு வெளியேற நேரும். உழைப்பு ஒன்றையே முதலாகப் போடுகிறவர் இதைவிட நல்ல பாதுகாப்பைக் கேட்டு வாங்கியிருக்க முடியாது. பிரான்சிஸின் கைத்திறத்துக்கு இந்தப் பத்திரம்தான் சாட்சி.

வாங்கியதும் தனியாகக் கட்டிக்கொண்டு அழவில்லை. மகன்களும் மருமகன்களும் பண்ணையிலேயே பங்கு பிரித்துக்கொண்டு குடியேறினார்கள். மூத்த மகள் ரெபெக்காவின் கணவர் தாமஸ் பிரஸ்டன், மேரியின் கணவர் ஜான் டார்பெல், எலிசபெத்தின் கணவர் வில்லியம் ரசல், மகன் சாமுவேல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் காடு திருத்தினார்கள். ஒரே ஆண்டில், 1678-ல், மேரிக்கும் எலிசபெத்துக்கும் திருமணம் நடந்திருப்பதைக் கவனியுங்கள். நிலமும் மருமகன்களும் சேர்ந்தே வந்திருக்கிறார்கள்.

வில்லங்கமும் கூடவே வந்தது. ஆளுநர் எண்டிகாட்டின் இன்னொரு மகன் செரூபாபேல், பிஷப் பண்ணையின் எல்லை தம் நிலத்துக்குள் நுழைகிறது என்று வழக்குப் போட்டார். 40 ஆண்டுக்கு முன் மரத்தையும் கல்லையும் அடையாளம் வைத்து எழுதிய எல்லை, மரம் விழுந்த பிறகு யார் நினைவில் நிற்கும்? அளவை மேல் அளவையாக வழக்கு இழுத்தது. உரிமையைக் காத்துக்கொடுக்கும் பொறுப்பு விற்றவருடையது என்று பத்திரத்தில் இருந்ததால் வழக்காடியது ஆலன். தீர்ப்பும் ஆலன் பக்கம் வந்தது. ஆனால் அண்டை வீட்டாரின் மனக்கசப்புக்கு எந்தப் பத்திரமும் பாதுகாப்புத் தராது.

பியூரிட்டன் ஒழுங்கில் குடும்பம் என்பது தேவாலயத்துக்கும் அரசுக்கும் அடிப்படை அலகு. 1642-ன் சட்டப்படி பிள்ளைகளுக்கு வாசிக்கவும் ஒரு தொழில் செய்யவும் கற்றுக்கொடுப்பது பெற்றோரின் சட்டக் கடமை. திருமணம் தேவாலயச் சடங்கு அல்ல, மாஜிஸ்திரேட் முன் செய்யும் குடிமை ஒப்பந்தம். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று 1659-ல் போட்ட சட்டம் 1681-ல்தான் நீங்கியது. ஓய்வுநாள் சனிக்கிழமை சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடும். மறுநாள் காலையும் மாலையும் நீண்ட பிரசங்கம். எல்லோரும் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும். ஆனால் தேவாலய உறுப்பினர் ஆவதற்குத் தன் மனமாற்றத்தைச் சபை ஏற்கும்படி சொல்ல வேண்டும். ரெபெக்கா 1672-ல் சேலம் நகரத் தேவாலயத்தில் உறுப்பினரானார். பண்ணைக்குக் குடிவந்த பிறகு பக்கத்திலிருந்த கிராமக் கூட்டத்துக்குப் போனாலும் உறுப்புரிமை நகரத்திலேயே இருந்தது. பிரான்சிஸ் நகரத்தின் கான்ஸ்டபிளாகவும் பணி செய்தவர். உயர்குடியினருக்குத்தான் மிஸ்டர் பட்டம். உழைத்து வாழும் மரியாதைக்குரிய குடியானவரை குட்மேன் என்றும் அவர் மனைவியை குட்வைஃப், சுருக்கமாக குடி என்றும் அழைப்பார்கள். குடி நர்ஸ் என்றுதான் ரெபெக்காவின் பெயர் வழக்கு ஆவணங்களில் நிற்கிறது.

1691 அக்டோபரில் சேலம் கிராமத்தார் ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரான்சிஸ் நர்ஸ் அதில் ஒருவர். மற்ற நால்வர் ஜோசஃப் போர்ட்டர், ஜோசஃப் ஹட்சின்சன், டேனியல் ஆண்ட்ரூ, ஜோசஃப் புட்னம். போதகர் சாமுவேல் பாரிஸின் சம்பளத்துக்கான வரியை விதிக்க இந்தக் குழு மறுத்தது. ஆண்டுக்கு 66 பவுண்டு சம்பளம், அதில் மூன்றில் ஒரு பங்கு ரொக்கம், மிச்சம் விளைபொருள் என்பது ஏற்பாடு. விறகு யார் தருவது, போதகர் வீடு யார் சொத்து என்பதெல்லாம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் போதகர் வீட்டுச் சிறுமிகளுக்கு வலிப்பு கண்டது.

சூனியம் வைத்ததாக முதல் புகார் 1692 பிப்ரவரி 29-ல் மூன்று பெண்கள்மீது. அதில் புகார்தாரர்களாகக் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவர் தாமஸ் பிரஸ்டன், ரெபெக்காவின் மருமகன். மூன்றரை வாரத்தில் அதே குற்றச்சாட்டு அவருடைய மாமியார்மீது வந்தது. மார்ச் 23-ல் பிடியாணை, 24-ல் விசாரணை. ரெபெக்காவுக்கு வயது 71, காது மந்தம், பல நாளாகப் படுக்கையில் இருந்தவர்.

வழக்கில் வந்த சாட்சியங்களில் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு சாரா ஹோல்டனின் வாக்குமூலம் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கள் பன்றிகள் நர்ஸ் வயலில் இறங்கின, ரெபெக்கா வீடு தேடிவந்து சாராவின் கணவரைத் திட்டினார், தம் மகன் பெஞ்சமினைக் கூப்பிட்டுத் துப்பாக்கி எடுத்துவந்து பன்றிகளைச் சுடச் சொன்னார், அதன் பிறகு சாராவின் கணவர் நோயில் விழுந்து இறந்தார் என்கிறது. அதில் அவர் போகிறபோக்கில் சேர்த்திருக்கும் இரண்டு விவரங்கள்: எங்கள் பன்றிகளுக்கு முறைப்படி நுகம் பூட்டியிருந்தது, அவர்கள் வேலி பல இடத்தில் சாய்ந்து கிடந்தது. காலனிச் சட்டத்தில் கால்நடை திரியலாம், பயிர் வைப்பவர்தான் வேலி போட வேண்டும். பன்றிக்கு மட்டும், வேலிக்குள் நுழைய முடியாதபடி கழுத்தில் மரச்சட்டம் பூட்ட வேண்டும். வேலி சரியில்லை என்றால் பயிர்க்காரருக்கு இழப்பீடு கிடையாது. அதாவது அந்த விதவை சொன்னது ஒரு முழுமையான பயிர்ச்சேத வழக்கின் வாதம். வேலிப் பார்வையாளர் வந்து இரண்டு கம்பை நிமிர்த்தச் சொல்லித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம், மூன்று ஆண்டு கழித்து உயிர்பறிக்கும் வழக்கில் சாட்சியமாக ஏறியது.

நிலப் பொறாமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. முழுக்க ஏற்க முடியவில்லை. ரெபெக்காமீது புகார் கொடுத்த புட்னம் குடும்பத்துக்கும் ரெபெக்காவின் பிறந்த வீட்டாருக்கும் டாப்ஸ்ஃபீல்டு எல்லையில் மரம் வெட்டுவது பற்றிப் பழைய தகராறு இருந்தது உண்மை. ஆனால் ரெபெக்கா நல்லவர் என்று சான்று சொல்லிக் கையெழுத்திட்ட ஏறத்தாழ 40 அண்டைவீட்டாரில் பல புட்னம்கள் இருக்கிறார்கள். அவர்மீது புகார் கொடுத்த இருவரில் ஒருவரான ஜோனத்தன் புட்னமே அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தாளை வீடு வீடாகச் சுமந்துகொண்டு போய்க் கையெழுத்துக் கேட்பதற்கு அன்றைய சூழலில் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

குடும்பம் வழக்கை நடத்திய முறையில் பண்ணையை நடத்திய ஒழுங்கு தெரிகிறது. டார்பெலும் சாமுவேலும் தாமஸ் புட்னம் வீட்டுக்குப் போய், வலிப்பு கண்ட சிறுமியின் வாயில் குடி நர்ஸ் பெயரை முதலில் போட்டது யார் என்று நேராகக் கேட்டார்கள். வேலைக்காரப் பெண் தாயைக் கைகாட்டினாள், தாய் அவளைக் கைகாட்டினார். அதை அப்படியே வாக்குமூலமாக்கினார்கள். நீதிமன்றத்தில் ஒரு பெண், நர்ஸின் ஆவி தன்னைக் குத்துகிறது என்று அலறியபோது, அந்தப் பெண்ணே தம் உடையிலிருந்து ஊசியை எடுத்துக் குத்திக்கொண்டதைப் பார்த்ததாக நர்ஸ் குடும்பத்துப் பெண் சாரா சாட்சி சொன்னார். ஜூன் இறுதியில் ஜூரி குற்றமற்றவர் என்றது. தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன், கைதி சொன்ன ஒரு வார்த்தையைக் கவனித்தீர்களா என்று திருப்பி அனுப்பினார். ஜூரியின் கேள்வி காது மந்தமான ரெபெக்காவுக்கு விழவில்லை. மௌனம் ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. ஜூரித் தலைவர் தாமஸ் ஃபிஸ்க்கிடமிருந்து நடந்ததை எழுதி வாங்கியது இந்தக் குடும்பம்தான். ஆளுநர் தண்டனையை நிறுத்திவைத்து, பிறகு அதையும் விலக்கிக்கொண்டார். ஜூலை 3-ல் தேவாலயம் ரெபெக்காவை விலக்கியது. 19-ல் தூக்கு. தங்கை மேரி ஈஸ்டி செப்டம்பர் 22-ல் தூக்கிலிடப்பட்டார். இன்னொரு தங்கை சாரா க்ளோய்ஸ் உயிர் தப்பினார். ரெபெக்காவின் உடலை இரவில் எடுத்துவந்து பண்ணையில் அடக்கம் செய்ததாகக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்வார்கள்.

பிரான்சிஸ் அதன்பின் மூன்று ஆண்டு இருந்தார். 1694 இறுதியில் பாகப்பிரிவினை செய்தார். மாசசூசெட்ஸ் வழக்கப்படி, உயில் இல்லாமல் இறந்தால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. அதற்கு இடம் வைக்காமல் உயிரோடு இருக்கும்போதே வீட்டைச் சாமுவேலுக்கு விட்டு, மற்றவற்றை மகன்களுக்கும் மகள்களுக்கும் பிரித்துக்கொடுத்தார். தமக்கு ஆண்டுக்கு 14 பவுண்டு பிள்ளைகள் சேர்ந்து தர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 1695 நவம்பரில், 77 வயதில், காலமானார். பண்ணை 1784 வரை நர்ஸ் வம்சத்தாரிடம் இருந்து, பிறகு ஃபினியஸ் புட்னமிடம் விலைக்குப் போனது. டான்வர்ஸ் ஊரில் அதன் 27 ஏக்கரும் பழைய வீடும் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

அடுத்த தலைமுறை விடவில்லை. சாமுவேலும் டார்பெலும் பாரிஸிடம் நற்கருணை வாங்க மறுத்து விலகி நின்றார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த அந்தச் சச்சரவு 1697-ல் மத்தியஸ்தத்தில் முடிந்தது. கிராமம் 79 பவுண்டு 9 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்துப் பாரிஸை அனுப்பியது. கிராமத்தின் பிரதிநிதிகளாக வாதாடியவர்களில் இந்த மைத்துனர்கள் இருவரும் உண்டு. புதிய போதகர் ஜோசஃப் கிரீன் 1699-ல் அவர்களை மீண்டும் சபையில் சேர்த்தார்.

1710-ல், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் கோரிக்கைகளைக் கேட்க அரசு குழு அமைத்தபோது, சாமுவேல் நர்ஸ் ஒரு மனு எழுதினார். ஏறத்தாழ நான்கு மாதம் பாஸ்டன் சிறையிலும் சேலம் சிறையிலும் அம்மாவுக்கு உணவு முதல் எல்லாச் செலவையும் தாங்களே பார்த்துக்கொண்டதையும், திரும்பத் திரும்பப் பயணம் போனதையும் குறிப்பிட்டார். அப்படிப்பட்ட தாயை இழந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, செலவை எப்படிக் கணக்கிடுவதென்றும் தெரியவில்லை என்றார். 40 பவுண்டு கொடுத்தாலும் சொத்துக்கு நேர்ந்த நட்டம் ஈடாகாது, ஆனாலும் 25 பவுண்டு போதும் என்றார். நிபந்தனை ஒன்று வைத்தார்: அம்மாவின் பெயரிலுள்ள குற்றப்பழி நீங்க வேண்டும், தாங்கள் முதன்மையாகக் கேட்பது அதைத்தான். 1711 அக்டோபரில் சட்டம் வந்தது, 25 பவுண்டும் வந்தது. 1712 மார்ச் 6-ல், சாமுவேலின் கோரிக்கையின் பேரில், சேலம் தேவாலயம் தன் பதிவேட்டில் ரெபெக்கா நர்ஸின் விலக்கத்தை ரத்து செய்தது.